பறப்பதற்குப் பதினாறு பக்கம்

வரிசையாகச் சொல்கிறேன், ஐயா. வரிசை தவறினால் வழக்கு தவறிவிடும். அந்தச் சுக்குக் காப்பியைக் குடியுங்கள், இந்தக் காற்றில் சீக்கிரம் ஆறிவிடும். கம்பெனிக்காரர்கள் போலீசைக் கூட்டிவர இறங்கிப் போயிருக்கிறார்கள். ஜீப் பாதி மலை வரைக்கும்தான் வரும். மீதி ஏற்றம் அவர்களும் நடக்கத்தான் வேண்டும். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். நீங்கள் ஐந்தாவது சாட்சியாக ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு உங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகலாம். வெளியூர்க்காரர் என்பது இன்னும் நல்லது. உள்ளூர்க்காரனை வைத்தால் சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டோம் என்பார்கள்.

முதல் அநியாயம், பாதை. இந்தப் புலிக்கரட்டு மலையில் எங்கள் ஆட்கள் ஆடு மேய்த்தார்கள், தேன் எடுத்தார்கள், பங்குனியில் உச்சிக் கோயிலுக்கு ஏறிவந்து பொங்கல் வைத்தார்கள். ஆளைத் துணிக் குடையில் கட்டிப் பறக்கவிடும் பாராகிளைடிங் கம்பெனி ஒன்று வந்தது. கேட் போட்டது. அனுமதி இல்லை என்று ஒரு பலகை வைத்தது. அந்தப் பலகை தமிழில் இருந்தது. பறக்க வருகிறவர்களுக்கு நல்வரவு என்று இன்னொரு பலகை, அது இங்கிலீஷில். எந்தப் பலகை யாருக்கு என்று எங்களுக்குப் புரியாதா?

இரண்டாவது, சுமை. பறக்கும் குடையை மடித்துப் பையில் திணித்தால் ஓர் அரிசிச் சிப்பத்தின் கனம் இருக்கும். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து இந்தப் பாறை வரைக்கும் அது எங்கள் முதுகில் வரும். பறக்கிறவரை எடை போடுவார்கள், பையை எடை போடுவார்கள், தூக்குகிறவரை யாரும் எடை போட்டதில்லை. ஒருத்தன் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டபோது மேலாளர் ஓடி வந்தார். வந்து பையைத் திறந்து துணி கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார்.

மூன்றாவது, அரைநாள். இதைக் கவனமாகக் கேளுங்கள். காலையை விட்டுவிட்டு இந்த நேரத்தில் நாம் இங்கே உட்கார்ந்திருப்பதற்கே இதுதான் காரணம். மதியத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி. காற்று சரியில்லையாம். வெயில் உச்சிக்கு வந்ததும் குடைகளை மடித்துவிடுவார்கள். எங்களுக்கு அரைநாள் கூலி. காற்றுக்குக் காலையில் நல்ல புத்தி, மத்தியானம் கெட்ட புத்தியா, ஐயா? ஏலத்தோட்டத்தில் மழை என்று சொல்லிக் கூலியைப் பிடித்தான். செங்கல் சூளையில் ஈரம் என்று பிடித்தான். இங்கே காற்று என்கிறான். முதலாளிக்கு வானிலை எப்போதும் ஒத்துழைக்கும். நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான்.

நான்காவது, சிரிப்பு. அதோ பாறைக்குப் பக்கத்தில் தலையில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறாளே, அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஒச்சம்மாள். இன்றைக்குப் பறக்கப் போகிறவள் அவள்தான். புருஷன் கேரளாவுக்குப் போனவன், போனவன்தான். பிள்ளைகள் இரண்டு. கம்பெனி வந்த நாளிலிருந்து பை தூக்குகிறாள். குடையை விரித்துக் கொடுப்பது, கயிறு சிக்கெடுப்பது, பறக்கிறவரின் வாரைப் பூட்டுவது எல்லாம் அவள் வேலை. எல்லாரையும் மாட்டிவிட்டு மாட்டிவிட்டு, ஒருநாள் மேலாளரிடம் போய், எனக்கும் பைலட் வேலை சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவன் சின்னப் பையன், பெங்களூர்க்காரன், கெட்டவன் என்று சொல்ல முடியாது, சிரித்தான் என்றுதான் சொல்கிறேன்.

"அக்கா, அதுக்கு நெறைய படிக்கணும். காத்தப் பத்தி, சிறகப் பத்திப் பெரிய பெரிய புக்கு இருக்கு. படிச்சிட்டு வாங்க, பார்க்கலாம்."

பக்கத்தில் இருந்த பைலட்டுகளும் சிரித்தார்களாம். சாயங்காலம் சங்கக் கொட்டகைக்கு வந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுகிற ஜாதி இல்லை அவள். "தலைவரே, ஒரே ஒரு தடவையாச்சும் பைய நான் தூக்காம, பை என்னையத் தூக்கணும்," என்றாள்.

புத்தகம்தானே, நான் கொண்டு வருகிறேன் என்றேன்.

நான் சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் நான் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை, ஐயா. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது துண்டறிக்கைதான். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் என்ன தெரியுமா? 'உடனே'. எல்லாத் துண்டறிக்கையிலும் அது இருக்கும். உடனே வழங்கு, உடனே விடுதலை செய், உடனே திரும்பப் பெறு. பிறகு ஜெயிலில் மற்றச் சொற்களைக் கற்றுக்கொண்டேன். நிலம், கூலி, சட்டம், உலகச் சந்தை, கிரகணம், எல்லாம் பதினாறு பக்க வெளியீடுகளில் படித்ததுதான். பதினாறு பக்கத்தில் சொல்ல முடியாத உண்மை உலகத்தில் இல்லை. அதற்கு மேல் போனால் எழுதியவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

முதலில் ஒரு பெரிய ஊர் நூலகத்துக்குப் போனேன். பறப்பது பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூன்று புத்தகம் வந்தது. ஒன்று குழந்தைகளுக்கானது, பக்கத்துக்குப் பக்கம் படம், யார் கண்டுபிடித்தார் என்பதோடு முடிந்துவிட்டது. இன்னொன்று பரீட்சைக்குக் கேள்வி பதில். மூன்றாவது, வெளிநாடு போய்வந்த ஒரு பெரிய மனிதரின் பயணக் கதை. விமானத்தில் என்ன சாப்பாடு கொடுத்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். விமானம் ஏன் விழவில்லை என்று ஒரு வரி இல்லை.

பிறகு மதுரைக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். ஒரு கடைக்காரன் செங்கல் மாதிரி ஒன்றை எடுத்துப் போட்டான். கல்லூரிப் புத்தகம், இங்கிலீஷ். "பெரியவரே, இது இஞ்சினியரிங் பிள்ளைகளே பரீட்சைக்கு மொத நாள் மட்டும் தொடுற புத்தகம். உங்களுக்கு எதுக்கு?" என்றான். எனக்கில்லை, மூட்டை தூக்குகிற ஒரு பெண்ணுக்கு என்றேன். அவனும் சிரித்தான். அதையும் நான்காவதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்து பல நாள் விழித்துப் பார்த்தேன். சிறகைக் குறுக்கே வெட்டிய படம் ஒன்று புரிந்தது, தண்ணீரில் நிற்கிற மீனைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி. மற்றதெல்லாம் கணக்கு. கணக்குப் போட்டுப் பயமுறுத்துவது பழைய தந்திரம். புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டேன்.

கடைசியில் ஒருவர் சொல்லித்தான் உத்தமபாளையத்தில் ரிச்சர்ட் செல்லையாவைப் பிடித்தேன். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் இல்லாத விமானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவராம். மரியாதை தெரிந்த மனிதர், அதை மறைக்க மாட்டேன். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார். அலமாரியில் தேடித் தேடி ஒரு புத்தகத்தை எடுத்தார். தமிழ்தான், பழைய அச்சு. அட்டை கிழிந்துபோய் எழுதியவர் பெயரே இல்லை. முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும்.

"பறக்கிறதப் பத்தி எது நல்ல புத்தகம்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்குங்க," என்றார். "எப்படி மேல போறதுன்னு எல்லாப் புத்தகமும் சொல்லும். எங்க செத்துப்போவேன்னு எது சொல்லுதோ, அதுதான் நல்ல புத்தகம். இது சொல்லும். முழுசாப் படிங்க. நடுவுல எதையும் விட்டுறாதீங்க."

பட்டாளத்தில் சம்பளம் வாங்கியவர். பயத்தைத்தான் முதல் பாடமாக வைப்பார். நான் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

ஆனால் புத்தகம் நல்ல புத்தகம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறது: சிறகு எதிர்க்காற்றில்தான் எழும். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், ஐயா. ஆயுள் முழுக்க மேடையில் நான் கத்தியதை ஒரு மனிதர் விஞ்ஞானமாக எழுதி வைத்திருக்கிறார். எதிர்த்து வருகிற காற்றுதான் தூக்குகிறது. கூடவே வருகிற காற்று தூக்காது. இதைவிட என்ன வேண்டும்?

பிறகு வேலையைத் தொடங்கினேன். முந்நூறு பக்கத்தை யார் படிப்பார்கள்? சங்கத்தில் பாதிப் பேர் எழுத்துக்கூட்டுகிறவர்கள். எங்கள் வழக்கம், சாயங்காலம் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். கேட்கிற காதுக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும். அதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருவேன். 'ஆனால்' என்று வருகிற இடத்தில் நிறுத்துவேன். 'எனினும்', 'ஒருவேளை', 'சில சமயங்களில்', இவற்றிலும் நிறுத்துவேன். அங்கிருந்து அந்த வாக்கியத்தின் முடிவு வரைக்கும் அடிப்பேன். எந்தக் கூலி உயர்வு அறிக்கையிலாவது 'ஆனால்' பார்த்திருக்கிறீர்களா? 'ஆனால்' என்று எழுதினால் கூட்டம் கலைந்துவிடும். அது சமரசக்காரன் சொல்.

உதாரணம் சொல்கிறேன். கைப்பிடிகளைக் கீழே இழுத்தால் சிறகு மேலும் எழும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் காற்று சிறகை விட்டுப் பிரியும், சிறகு கல்லாகிவிடும் என்று அதில் இருக்கிறது. நான் எழுதியது: கைப்பிடிகளைக் கீழே இழு, சிறகு மேலும் எழும். எப்படி இருக்கிறது? சும்மா நச்சென்று இல்லை?

சுருக்கிச் சுருக்கிப் பதினாறு பக்கத்தில் கொண்டுவந்தேன். மலைக்காற்று என்று ஓர் அத்தியாயம் மட்டும் முழுதாக விட்டுப்போயிற்று. இடம் இல்லை என்பது ஒன்று. இன்னொன்று, அது முழுக்கவும் கம்பெனிக்காரன் பேச்சு. காலையில் பற, மதியம் பறக்காதே, மேற்கே பார், மேகத்தைப் பார், இறங்கிவிடு, நிறுத்திவிடு. படிக்கப் படிக்க மேலாளரே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது அநியாயத்துக்கு நானே என் கையால் அச்சடித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டுமா? கொடுக்க மாட்டேன்.

அச்சடித்து வந்ததும் கொட்டகையில் படித்தோம். ஒச்சம்மாள் எட்டாவது வரைக்கும் போனவள், அவளே படித்தாள். ஒரு வாரத்தில் முழுதும் மனப்பாடம். தினம் காலையில் கீழே இருக்கிற சின்னக் கரட்டில் கம்பெனிக் குடையையே விரித்துப் பழகினாள். மேலாளருக்குத் தெரியாது. கூலியாட்கள் குடையை வெயிலில் காயவைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு பனை உயரம் எழுந்து வயலில் இறங்குவாள். நான் ஓரமாக நின்று பார்ப்பேன். கால் தரையை விட்டதும் கீழிருந்து பெண்கள் எல்லாம் குலவை போடுவார்கள். மேடையில் எவ்வளவோ கைதட்டல் வாங்கியிருக்கிறேன், அது வேறு.

ஒருநாள் கைப்பிடியை நன்றாக இழுத்திருக்கிறாள். குடை அப்படியே நின்று, பின்னால் சரிந்து, பொத்தென்று போட்டது. நல்லவேளை உயரம் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"தலைவரே, ஒங்க நோட்டீசு என்னைய இடுப்புல ஒதைச்சிருச்சு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு தனியாக வந்து கேட்டாள், அந்தப் பெரிய புத்தகத்தில் இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, ஒரு தடவை பார்க்கலாமா என்று. புத்தகத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுக்கவில்லை, பெட்டியில்தான் இருந்தது. ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஓர் இயக்கத்தில் இரண்டு புத்தகம் இருந்தால் இரண்டு கோஷ்டி வந்துவிடும். கண்ணால் கண்டிருக்கிறேன்.

போராட்டத் தேதி குறித்தோம். கேட்டைத் திறப்பது, குடையை எடுப்பது, மூட்டை தூக்குகிறவள் பறந்து காட்டுவது. அதுவும் மத்தியானம். அதுதான் முக்கியம். காலையில் பறந்தால் ஒரு பெண் பறந்தாள் என்பதோடு போய்விடும். மத்தியானம் பறந்தால் அந்த விதியே பொய் என்று நிரூபணமாகும். இத்தனை வருட அரைநாள் கூலிக்கும் அவன் பதில் சொல்ல வேண்டும். மாவட்டத்திலிருந்து டிவிக்காரர்களும் மத்தியானம்தான் வர முடியும் என்றார்கள். இன்னும் வரவில்லை, வருவார்கள். காலையில் இங்கே வந்ததும் ஒச்சம்மாள் சங்கக் கொடியைக் காட்டி என்னிடம், "இப்பவே போயிரட்டா, தலைவரே? கொடி நம்ம மூஞ்சியப் பாத்து ஆடுது," என்றாள். பொறு தாயி என்றேன்.

சாட்சி விஷயம் சொல்கிறேன். எங்கள் சங்கத்தில் அது பழைய வழக்கம், நான் கொண்டுவந்தது. போராட்டத்தில் முன்னால் போகிறவர் பெயரை ஐந்து சாட்சிகள் முன்னால் உரக்கப் படிப்போம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அவராக வந்தார் என்பதற்கு ஐந்து கையெழுத்து. போலீஸ் பிற்பாடு கதை கட்ட முடியாது. பெயர் படிக்கிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் விலகலாம், கேள்வி கேட்க மாட்டோம். பெயர் படித்துவிட்டால் விலக முடியாது. எங்கள் ஊரில் அது சத்தியம் மாதிரி. பஞ்சாலை வேலைநிறுத்தத்திலிருந்து எத்தனையோ பெயர் படித்திருக்கிறேன். நான் படித்த பெயர்களில் ஒருவர்கூடத் திரும்பி ஓடியதில்லை. இரண்டு பேர் திரும்பி வரவில்லை, அது வேறு.

இப்போது ஐந்தாவது அநியாயம். ஐந்தாவது சாட்சியாக இருக்க வேண்டியவர் அந்த ரிச்சர்ட் செல்லையாதான். விடியற்காலையிலேயே வந்துவிட்டார், இந்த வயதில் மலை ஏறி. காலையில் உற்சாகமாகத்தான் இருந்தார். ஒச்சம்மாள் கயிறு பிடிக்கிற அழகைப் பார்த்து, கை நல்ல கை என்றார். மத்தியானம் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. என் துண்டறிக்கையைக் கேட்டு வாங்கினார். நின்றுகொண்டே பதினாறு பக்கமும் படித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார், பதினேழாவது பக்கம் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

"நீங்க புத்தகத்தச் சுருக்கலைங்க," என்றார். "உசிரக் காப்பாத்துற பக்கத்தையெல்லாம் உருவிட்டுக் குடுத்திருக்கீங்க."

நான் ஒரே கேள்விதான் கேட்டேன். உங்களுக்குப் பென்ஷன் வருகிறதல்லவா என்றேன். கையெழுத்துப் போட மாட்டேன், என் புத்தகமும் எனக்குத் திரும்ப வேண்டாம், அதை அந்த அம்மாவிடம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். அவளிடம் பேசப் போனவரை எங்கள் ஆட்கள் மறித்துவிட்டார்கள். போராட்ட நேரத்தில் வெளியாள் போராளியிடம் பேசக் கூடாது, அதுவும் எங்கள் விதி. இறங்கிப் போய்விட்டார். நடுத்தர வர்க்கம் பாதி மலையோடு திரும்பிவிடும் என்று நான் எப்போதோ எழுதியிருக்கிறேன். இவர் உச்சி வரைக்கும் வந்தார், அந்த மட்டும் பெருமைதான்.

அந்தப் புத்தகம் இதோ இந்தப் பையில்தான் இருக்கிறது. பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். சிவப்புக் கோடெல்லாம் நான் போட்டது. எவ்வளவு வேலை பார்த்திருக்கிறேன் என்று தெரியும்.

அந்த அத்தியாயத்தையா எடுத்தீர்கள்? அதுதான் நான் விட்டது. அதில் ஒன்றும் இல்லை, ஐயா. எனக்கு மனப்பாடமாகவே தெரியும். மலைக்குப் பின்னாலிருந்து வருகிற காற்று முகட்டைத் தாண்டியதும் மதகில் விழுகிற தண்ணீர் போலச் சுருண்டு கீழே இறங்கும், முகட்டுக்கு முன்னால் பறப்பவரை அப்படியே தரையில் கொண்டுபோய் அடிக்கும். அதுதானே? முகட்டின்மேல் மேகம் வழிந்து இறங்கினாலும், பறக்கும் இடத்தில் கொடி ஒரு பக்கம் நிற்காமல் திசை மாறி மாறி ஆடினாலும் குடையை மடித்துவிடு. அதுதானே? பார்த்தீர்களா, வரி தவறாமல் சொன்னேன். படிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. படித்துத்தான் விட்டேன்.

ஏன் பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்கள்?

ஆமாம், அழகாக இருக்கிறது. இந்த வைகாசிக் கடைசியில் கேரளாப் பக்கத்து மேகம் தினம் மத்தியானம் இப்படித்தான் வரும். முகட்டில் பால் பொங்கி வழிகிற மாதிரி. படம் எடுப்பதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம். கொடியும் நன்றாகப் பறக்கிறது. காலையில் நம்மைப் பார்த்து மட்டும் ஆடியது. இப்போது ஒரு தரம் நம்மைப் பார்க்கிறது, ஒரு தரம் பள்ளத்தாக்கைப் பார்க்கிறது. சங்கக் கொடிக்கே தெரிகிறது பாருங்கள், முன்னால் போ என்கிறது.

இல்லை, ஐயா, நாளைக் காலை என்ற பேச்சே கிடையாது. நாளைக் காலையில் நாங்கள் எல்லாரும் லாக்கப்பில் இருப்போம். குடை கம்பெனி அறையில் பூட்டியிருக்கும். அவள் அடுத்த வாரம் அதே பையை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுவாள், அவர்கள் அதே சிரிப்பைச் சிரிப்பார்கள். நீங்கள் நல்லவர், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. நல்லவர்கள்தான் எப்போதும் நாளைக் காலை என்பார்கள்.

இரண்டு நிமிடம் இருங்கள், அவளே வருகிறாள். வாரெல்லாம் பூட்டிக்கொண்டுவிட்டாள், பார்த்தீர்களா? யாரும் உதவவில்லை. இத்தனை நாள் ஊராருக்கு மாட்டிவிட்ட கை.

என்ன தாயி?

கேட்டீர்களா, ஐயா? கொடி ரெண்டு பக்கமும் ஆடுது தலைவரே, கொஞ்சம் பொறுப்போமா என்கிறாள். நோட்டீஸில் அதைப் பற்றி ஏதாவது இருந்ததா, நான் மறந்துவிட்டேனா என்கிறாள். நீ எதையும் மறக்கவில்லை, தாயி. நோட்டீஸில் இருப்பதெல்லாம் உனக்குத் தெரியும். போய்ப் பாறையில் நில். கீழே பார், அந்த வளைவில் காக்கி தெரிகிறது. பொறுத்தால் அவர்கள் வந்து உன் வாரை அவிழ்ப்பார்கள். அவிழ்க்கவிடப் போகிறாயா?

பார்த்தீர்களா, போகிறாள். நான் சொல்லவில்லையா, அழுகிற ஜாதி இல்லை என்று? இந்தக் கடைசி நிமிடத்தில் எல்லாருக்கும் கால் கொஞ்சம் இழுக்கும். எனக்கே முதல் மறியலில் இழுத்தது. பெயரைப் படித்துவிட்டால் அது போய்விடும். சத்தமாகத் தன் பெயரைக் கேட்டதும் மனிதனுக்கு ஒரு தைரியம் வருகிறது. அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அனுபவம்.

புத்தகத்தைக் கொடுங்கள். அவளிடம் ஓட வேண்டாம். எங்கள் ஆட்கள் விட மாட்டார்கள், உங்களுக்கு வீண் அவமானம். கையெழுத்து வேண்டாம் என்றால் வேண்டாம், நான் வற்புறுத்துகிறவன் இல்லை. கேட்டால் போதும். காது இருக்கிறதல்லவா? கேட்டவர் எல்லாரும் சாட்சிதான்.

தோழர்களே, எழுந்து நில்லுங்கள். வீரணா, கொடியை நன்றாகத் தூக்கிப் பிடி, அது உன் கையை முறுக்குகிறது பார். ஐயா, நீங்களும் எழுந்து நில்லுங்கள், பெயர் படிக்கும்போது உட்காரக் கூடாது.

புலிக்கரட்டு மலைச் சுமைப்பணியாளர் சங்கத்தின் சார்பில், இங்கே கூடியுள்ள ஐந்து சாட்சிகள் அறிய, எவருடைய கட்டாயமும் இன்றித் தம் சொந்த விருப்பத்தின் பேரில் இன்று மத்தியானம் இந்த மலையிலிருந்து பறப்பவர், மேலப்பட்டி பெருமாயி மகள் ஒச்சம்மாள்.